உள்பக்கம் வளர்ந்த வீடு

எங்கள் ஊர் ஏழுபாறைக் கொட்டாயில் வேடியப்பன் அண்ணன் கட்டிய கல்வீடு உள்பக்கமாக வளர்கிறது என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய கயிற்றுக்கட்டில்தான். குடிபுகுந்த தை மாதத்தில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்தது, மாசியில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது, பங்குனி பிறந்தபோது கட்டிலின் தலைமாடும் கால்மாடும் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டிக்கொண்டு நின்றன. நாலு பேர் போய் இழுத்ததில் ஒரு கால் முறிந்ததே தவிர கட்டில் அசையவில்லை. வெளியே வந்து கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். வெளிச்சுவர் கட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு விரற்கடை கூடக் கூடவில்லை. உள்ளே மட்டும் எல்லாப் பக்கமும் ஒரு முழம் குறைந்திருந்தது. அண்ணன் பெண்சாதி சாக்கம்மா, முறிந்த கட்டில் காலை எடுத்து அடுப்பில் செருகிவிட்டு, கல் இத்தனை காலம் வெட்டவெளியில் கிடந்தது, திடீரென்று அடங்கி இரு என்றால் இருக்குமா என்று கேட்டாள். அதுவும் சரிதான் என்று நாங்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

என் பெயர் சென்றாயன். வேடியப்பன் அண்ணனும் நானும் கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஆனால் முப்பது வருஷம் ஒரே குவாரியில் அவர் உளி பிடிக்க நான் சம்மட்டி அடித்திருக்கிறேன், ஒரு அடி தப்பினால் அவருக்குக் கை போய்விடும் என்பதால் என் மூச்சு எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று அவருக்கும், அவர் மணிக்கட்டு எப்போது அசையும் என்று எனக்கும் தெரியும். குவாரிக்காரர்கள் மாறும்போதெல்லாம் எங்கள் குடிசைகளைக் காலிபண்ணச் சொல்வார்கள். தகரத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த குவாரிக்கு நடப்போம். அப்படி ஒன்பது தடவை அண்ணனும் அண்ணியும் குடி மாறியிருக்கிறார்கள், பிறந்த பிள்ளைகள் இரண்டையும் இரண்டு வெவ்வேறு குவாரி ஓரத்தில் புதைத்துவிட்டு நடந்திருக்கிறார்கள். பத்தாவது தடவை தகரத்தைத் தூக்க முடியாமல் அண்ணன் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சு பூராவும் கல்தூசி உறைந்து கிடக்கிறது, இதற்கு மருந்து இல்லை, இனிமேல் ஒரு சிட்டிகைத் தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் இருக்கிற நாளை மூச்சுவிட்டுக் கழிக்கலாம் என்றார். அன்றிலிருந்து அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மரம் அறுக்கிற சத்தமாகத் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அதே வருஷம் அரசாங்கம் அவருக்கு மூன்று சென்ட் பட்டா கொடுத்தது. கொடுத்த இடம் முழுக்கப் பாறை. ஒரு செடி நடக்கூட மண் இல்லாத நிலம் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அண்ணன் மட்டும் பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வேண்டிய சாமானை எல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அவருடைய கிண்டல் எப்போதும் அப்படித்தான், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாலு வருஷம் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால், அண்ணன் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து குச்சியால் இடம் காட்டுவார், அண்ணி பாறைமேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, தூசி எழும்பாமல் காட்டிய இடத்தில் ஆப்பு வைத்து அடிப்பாள். பாறை எந்தப் பக்கம் பிளக்க ஆசைப்படுகிறது என்று அண்ணனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆறு பாறை சுவராயிற்று. ஏழாவது பாறை பலகை பலகையாகப் பிளந்து கூரையாயிற்று. ஜல்லி இல்லை, சிமெண்ட் இல்லை, செம்மண் குழைத்துப் பூசியதோடு சரி. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, முறம் அகலத்துக்கு ஒரு ஜன்னல், வேப்பமரக் கதவு. ராஜா வீட்டில்கூட இப்படி ஒரு மூலை சேர்மானம் நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நானும் அவரும் சண்டை போட்டோம். கல்வேலை செய்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாறையில் வெயிலும் மழையும் பட்ட பழைய பக்கத்தை வெயில்முகம் என்போம், சுவர் வைக்கும்போது வெயில்முகம் வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும், உடைத்த புதுப்பக்கம் உள்ளே வரவேண்டும். வானம் பார்த்ததை வானம் பார்க்க வைப்பது, அவ்வளவுதான், காரணம் யாரும் கேட்டதில்லை. அண்ணன் ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் போட்டு வெயில்முகத்தை உள்ளே வைத்தார். உடைத்த பக்கம் வருஷக்கணக்கில் பொடி உதிர்க்கும், கையால் தடவினால் மாவாக ஒட்டும். வெயில்முகமோ ஆயிரம் மழை கழுவியது, ஒரு பொட்டுத் தூசி கொட்டாது. அவர் நெஞ்சுக்கு ஏற்ற சுவர் அதுதான் என்று கணக்குப் போட்டுவிட்டார். கூரைப் பலகையையும் அப்படியே கவிழ்த்துப் போட்டார். முகத்தை உள்ளே வைத்தால் அது எதைப் பார்க்கும் என்று கேட்டேன். என்னைப் பார்க்கட்டும், நானும் கொஞ்சம் அழகாகத்தானே இருக்கிறேன் என்றார்.

அதனால்தான் வளர்ந்தது என்று பின்னால் ஊரில் சொன்னார்கள். வெயிலைத் தேடி உள்ளே நீளுகிறது என்றார்கள். இருக்கலாம். காரணம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று அதை யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை, பேச வேறு விஷயங்கள் இருந்தன.

பள்ளிக்கூட வாத்தியார் மூன்று வாரம் டேப் பிடித்து அளந்து, ஆடாமல் அசையாமல் நாளைக்கு அரை விரல் என்று நோட்டில் எழுதி, நாலாவது வாரம் வருவதை நிறுத்திக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, வீட்டின் பரப்பு குறைவதற்குத் தனி விண்ணப்பம் இல்லை, முழுசாக இல்லாமல் போனால் மட்டும் வந்து சொல்லுங்கள் என்றார். வயசுக்கேற்ற உயரம் வளராத பிள்ளைகளைத் தாய்மார்கள் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டிவந்து அந்தச் சுவரில் முதுகு படும்படி நிற்க வைத்தார்கள், அதில் ஒரு பெண்பிள்ளை இரண்டு விரல் வளர்ந்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியதும் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. வரப்பைத் தள்ளிப் போட்டு அடுத்தவன் நிலத்தைத் தின்கிறவனை வேடியப்பன் வீட்டுச் சுவர் என்று திட்டப் பழகிக்கொண்டோம். அண்ணி அடுப்பை வாசலுக்கு மாற்றினாள், பாத்திரங்களை வெளியே கொடியில் கட்டித் தொங்கவிட்டாள், கட்டிலின் மிச்ச மூன்று காலையும் அறுத்து எரித்தாள். கூரை இறங்க இறங்கக் குனிந்து நடந்தாள். புது மருமகள் மாமியார் முன்னால் நடக்கிற மாதிரி நடக்கிறேன், வேறு ஒன்றும் குறையில்லை என்றாள்.

சித்திரையில் மலைமேல் இருந்த பெரிய குவாரியில் பாறை சரிந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். கோர்ட் உத்தரவு வந்து குவாரியை மூடிவிட்டார்கள். குவாரி மூடியதும் அடிவாரத்தில் இருந்த கிரஷரும் நின்றது. கல்லை ஜல்லியாக அரைக்கிற அந்த மெஷின் நின்றதும் எங்கள் ஊர் மரங்கள் பச்சை நிறம் என்பதே அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் மூச்சு லேசாயிற்று. மரம் அறுக்கிற சத்தம் குறைந்து குறைந்து, பூனை குறட்டை விடுகிற அளவுக்கு வந்துவிட்டது. வாசலில் வந்து உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுத்தார். இன்னும் நாலைந்து வருஷம் இருப்பார் என்று நான் நினைத்தேன், சந்தோஷமாகவே நினைத்தேன். ஆனால் அவர் மூச்சு லேசான அந்த மாசத்தில்தான் எங்கள் வீடுகளில் உலை வைப்பது நின்றது. எங்களுக்குக் கல் உடைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அந்தச் சமயத்தில் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். உள்ளறையில் அண்ணனால் கால் நீட்ட முடியவில்லை, ஒரு சாண் மட்டும் கொத்திக்கொடு என்றாள். தண்ணீர் ஊற்றி ஊற்றி, தூசி எழும்பாமல், ஒரு சாண் மட்டும்தான் கொத்தினேன். கொத்திய கல்லை வாசலில் குவித்துவிட்டுப் போய் மறுநாள் வந்து பார்த்தால் கொத்திய இடம் மூடியிருந்தது, மூடியதோடு இரண்டு விரல் கூடுதலாகவும் வந்திருந்தது. சும்மா விட்டால் நாளைக்கு அரை விரல் வளர்கிற சுவர், உளி பட்டால் ஒரே நாளில் ஒரு சாண் வளர்ந்தது. நான் திகைத்து நின்றேன் என்று சொன்னால் பொய். என் மனசில் முதலில் ஓடியது, இது தீராத கல் என்பதுதான். அப்போதே உளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

வாசலில் கிடந்த குவியலை கிரஷர் மேஸ்திரி குப்புராஜ் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தார், நீலக்கல், ஜல்லிக்கு முதல் தரம் என்றார். மலையை உடைக்கத்தான் கோர்ட் தடை, வீட்டுச் சுவரைக் கொத்தத் தடை இல்லையே என்றார். மறுநாள் டிராக்டர் வந்தது. அதற்கு மறுநாள் கிரஷர் ஓட ஆரம்பித்தது.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை, இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன். முறை வைத்துப் போனோம், முன்னறையில் ஆறு ஆறு பேராக. அறை மூடாமல் காப்பாற்றித் தருகிறோம், கல் எங்களுக்கு, இடம் உங்களுக்கு என்று அண்ணியிடம் பேசி முடித்தோம். உள்ளறை வாசலில் ஈரச்சேலை கட்டித் தொங்கவிட்டாள். முதல் வாரம் தண்ணீர் ஊற்றித்தான் கொத்தினோம். கத்திரி வெயிலில் குடிப்பதற்கே லாரித் தண்ணீர் என்றானதும் தண்ணீரை நிறுத்தினோம், நிறுத்தியபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தச் சேலை ஒரு மணி நேரத்தில் காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். உள்ளே அண்ணன் இருமுவார். இருமல் பெரிசாக வந்தால் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு மரியாதையாக நிற்போம், அடங்கியதும் திரும்ப அடிப்போம். கொஞ்ச நாளில் அந்த இருமல்தான் எங்களுக்கு ஓய்வு நேரம் என்று ஆயிற்று. பீடி பற்றவைக்கக்கூட அதற்காகக் காத்திருந்தவர்கள் உண்டு, நானும் காத்திருந்தேன்.

அவரை வேறு எங்காவது கொண்டுபோய் வைக்கலாமே என்று கேட்பீர்கள். கொண்டுபோனோம். ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் மூன்று நாள் படுக்க வைத்தோம், மேல்காற்று கிரஷர் புழுதியை வாரிக்கொண்டு வந்து கொட்டியது, உதடு நீலம் பாய்ந்ததும் தூக்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் குடிசைகள் எல்லாம் கிரஷருக்கு இன்னும் பக்கம். அவர்களுக்கு வெளியூரில் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்தில் தூசி இல்லாத ஒரே இடமாகக் கட்டப்பட்ட வீடு அது. அதைத்தான் நாங்கள் குவாரியாக்கினோம்.

ஒருநாள் சேலையை விலக்கி உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருவம், காது, மீசை எல்லாம் வெள்ளை. நான் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், உளி பிடித்த கை, அப்போதும் அது நடுங்கவில்லை.

"முப்பது வருசம் ஊரான் வூட்டுக்குக் கல்லு ஒடச்சன் சென்றாயா. என் வூட்ட ஒடைக்கற சத்தத்தக் கேட்டுக்கினே சாவணுமா?"

நாளைக்கு நிறுத்திவிடுகிறோம் அண்ணே என்றேன். மறுநாள் என் முறை. போய் அடித்தேன். என் வீட்டில் அன்றைக்கு அரிசி இருந்தது.

அண்ணி ஊரைக் கூட்டினாள். கிரஷர் ஆபீஸ் வாசலில் எல்லோரும் நின்றோம், குப்புராஜ் மட்டும் நாற்காலியில். ஒரு மாசம் நிறுத்துங்கள் என்று கேட்டாள். நிறுத்தினால் வீடு மூடிக்கொள்ளுமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அவளுக்கு நல்லது சொல்கிற குரலில். மூடிக்கொள்ளட்டும் என்றாள். மூடிக்கொண்டால் கல்லும் போச்சு வீடும் போச்சு, யாருக்கு லாபம் என்று குப்புராஜ் கேட்டார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"எனக்கு வூடு வேணாம். அந்தாளுக்கு மூச்சு வேணும். அவுரு மூச்ச எடுத்துத்தான் நீங்கல்லாம் சோறு திங்கணும்னா, அதயாச்சும் வாயத் தொறந்து சொல்லிப்புடுங்க."

அதைத் தவிர மற்றதை எல்லாம் ரொம்ப நேரம் பேசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொத்துவதில்லை என்று முடிவுசெய்தோம். பெரிய மனசு பண்ணிவிட்டதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைந்தோம்.

வைகாசி கடைசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணி வீட்டுக்குள்ளிருந்து எங்கள் சம்மட்டிகளையும் உளிகளையும் இரண்டு இரண்டாகக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்தாள். கொத்திக் கிடந்த கல்லை எல்லாம் கூடையில் அள்ளிக் கொட்டினாள். பிறகு உள்ளே பெருக்கினாள், பெருக்கிய புழுதியை முறத்தில் அள்ளி ரொம்ப தூரம் கொண்டுபோய்ப் போட்டாள். குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் சுவரில் ஊற்றிக் கழுவினாள். நாங்கள் களியைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம், நமக்காகச் சுத்தம் செய்கிறாள் என்றுதான் நினைத்தோம். அப்புறம் உள்ளே போய் வேப்பமரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

குப்புராஜ் கதவை உடைக்கச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. பசித்தால் தானே திறப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாவது நாள் கதவு திறக்கிற நிலையில் இல்லை. உளி பட்டுப் பட்டு வேகம் பிடித்திருந்த கல் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியை மூடி, கதவின் இடுக்குகளில் பிதுங்கி நின்றது. முன்னறை முழுசும் பாறையாகிவிட்டது என்று தெரிந்துகொண்டோம். உள்ளறைக்கு இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான், அதுவும் முறம் அகலத்திலிருந்து சோற்றுத்தட்டு அகலத்துக்கு வந்திருந்தது.

தினமும் உச்சிப்பொழுதில் நான்தான் ஜன்னலுக்குக் களியும் கீரைக்கடைசலும் தண்ணீரும் கொண்டுபோனேன். ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் முறை வைத்து ஆக்கிக்கொடுத்தார்கள், கல் கொத்த முறை வைத்த அதே வீடுகள்தான். கிரஷர் நின்றுவிட்டது. அது நின்ற மூன்றாம் நாள் அண்ணன் படுத்துத் தூங்குகிறார் என்று அண்ணி சொன்னாள். நாலைந்து வருஷத்துக்கு அப்புறம் முதுகு தரையில் பட்டுத் தூங்குகிறார், நானும் பக்கத்தில் படுத்தேன், இரண்டு பேரும் பழைய குவாரி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கொண்டே வந்தோம், ஏழாவதுக்கு அப்புறம் எது என்று அவருக்கு ஞாபகம் இல்லை, நீ சொல் என்றாள். எட்டாவது சுண்ணாம்புக் குட்டை என்றேன். உள்ளே திரும்பி அதைச் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. திண்ணென்று இருந்த அந்த வெளிச்சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

தட்டு அகலம் சொம்பு அகலமாயிற்று. களியை உருண்டை பிடித்துத் தள்ளினேன். சொம்பு அகலம் தம்ளர் அளவாயிற்று. அன்றைக்கு நான் களியோடு சம்மட்டியும் கொண்டுபோனேன். எனக்குப் பின்னால் ஊரே நின்றது.

"அண்ணி, சம்மட்டியில பத்தே அடி. ஆள் நொழையற அளவுக்கு வழி பண்ணிடறன். ரெண்டு பேரும் வெளிய வந்துடுங்க."

"பத்தடிக்கு எவ்ளோ தூசி வரும் சென்றாயா?"

கல் உடைக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. அந்தச் சின்ன இடத்தில் முதல் மூன்று அடியிலேயே அண்ணனுக்கு முடிந்துவிடும்.

"நீங்களாச்சும் வாங்க அண்ணி."

"நான் வந்து எங்க போவன்? இன்னொரு தகரம் தேடணும். இங்க அவுரு மூச்சு விடற சத்தமே கேக்கல தம்பி, அம்மாம் லேசா இருக்குது. நெஞ்சுல கைய வெச்சுப் பாத்துத்தான் உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறன். ஒம்போது எடத்துல தூங்கியிருக்கோம், இப்பிடித் தூங்கினது கெடையாது. நீ சம்மட்டிய எடுத்துனு போ. தரையில இழுக்காத, புழுதி வரும்."

சம்மட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மறுநாள் அந்தத் துளை விரல் நுழைகிற அளவுக்கு இருந்தது, அதில் வாயை வைத்து அண்ணே என்றேன். ம் என்று கேட்டது, அவர் குரலா அவள் குரலா தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் அங்கே ஜன்னல் இருந்த இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

கல் அத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. ஆடி மாதத்துக்குள் வெளிச்சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த கோடுகள் மறைந்தன, மூலைகள் உருண்டன, மழை பெய்து செம்மண் கழுவிப் போனதும் அந்த இடத்தில் ஒரே பாறை உட்கார்ந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கதவு எண் ரத்து என்று எழுதினார், குடியிருந்தவர்கள் வெளியூர் சென்றுவிட்டார்கள் என்று எழுதினார். குடியிருப்பு இல்லாத வெறும் பாறைக்குப் பட்டா செல்லாது என்று அந்த நிலத்தை அரசாங்கக் கணக்கில் கல்லாங்குத்து, அதாவது கல்தரிசு, என்று மாற்றினார். நாங்கள் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பெண்கள் பாறைக்கு மஞ்சள் பூசி விளக்கு வைத்தார்கள். மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளைக் கொண்டுவந்து அதன் நிழலில் படுக்க வைத்தார்கள். இரண்டு மாசம் அது எங்களுக்குச் சாமியாக இருந்தது.

ஐப்பசியில் குப்புராஜ் அந்தப் பாறையைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குள் திரும்ப எங்கள் வீடுகளில் ஒருவேளைக் கஞ்சியாகிவிட்டது. பாறையை உடைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்வது எங்கள் தொழில் முறை, எந்தப் பாறையாக இருந்தாலும் கேட்போம். கேட்டோம். அண்ணியின் பேரைச் சொல்லி அழுத பெண்கள் அழுது முடித்துக் கூடையை எடுத்தார்கள். முதல் ஆப்பை நான்தான் வைத்தேன், எந்தப் பக்கம் பிளக்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தது எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை உடைத்தது திரும்ப வளரவில்லை. பத்து நாள் வெளியிலிருந்து உரித்துக்கொண்டே போனோம். அந்தப் பத்து நாளும் துளை போடுகிற கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே நான் ரத்தம் தேடினேன், துணி தேடினேன், எலும்பு தேடினேன், ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்துத்தான் டிராக்டரில் போட்டேன். நீலக்கல்லைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பதினோராவது நாள் என் சம்மட்டி பட்ட இடத்தில் ஒரு சில்லு உள்பக்கமாக விழுந்தது. மற்றவர்களை விலகி நிற்கச் சொல்லி, ஓட்டையைத் தலை நுழைகிற அளவுக்குப் பெயர்த்து எட்டிப் பார்த்தேன். பாறையின் நடுவில் ஒரு குழிவு இருந்தது. இரண்டு பேர் ஒருக்களித்து, ஒருவர் முதுகோடு ஒருவர் சேர்ந்து படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான். அண்ணன் தோள் பட்ட இடத்தில் அகலமாக, அண்ணி முழங்கால் மடித்த இடத்தில் ஒடுங்கி, ஒரு ஒட்டடை இல்லாமல் காலியாக இருந்தது. கையை விட்டுத் தடவினேன். கழுவிய தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. விரலைப் பார்த்தேன், ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை.

எனக்கும் இரண்டு வருஷமாகப் பாதி நெஞ்சுக்குக் கீழே மூச்சு இறங்குவதில்லை, வீட்டில் சொல்லவில்லை. தலையை உள்ளே வைத்தபடி இழுத்தேன். அடிவயிறு வரைக்கும் போயிற்று. எங்கேயும் தட்டாமல், எங்கேயும் அறுக்காமல், சின்ன வயசில் கிணற்றில் குதித்து மேலே வந்ததும் இழுப்போமே அப்படிப் போயிற்று. இன்னொரு தடவை இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே குப்புராஜ் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

மூன்றாவது மூச்சை நெஞ்சில் பிடித்து வைத்துக்கொண்டு தலையை வெளியே எடுத்தேன். துண்டை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். சம்மட்டியை எடுத்து, பிடித்த மூச்சு தீர்வதற்குள் அந்தக் குழிவை உடைத்து முடிக்க வேண்டும் என்று அடித்தேன், முடியவில்லை, பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டுத் தூசியை இழுத்தேன்.